65,000 தொண்டைகள், ஒரே சுருதி

2017 ஜூலை 1, லண்டன் ஹைட் பார்க். கிரீன் டே குழுவின் கச்சேரிக்கு 65,000 பேர் கூடியிருக்கிறார்கள். குழு இன்னும் மேடையேறவில்லை. அதுவரை ஸ்பீக்கரில் ஒரு பழைய பாட்டை ஓடவிடுகிறார்கள்: 1975-இல் குயீன் குழு வெளியிட்ட 'பொஹீமியன் ராப்ஸடி'. முதல் வரியிலேயே கூட்டம் அதைப் பிடித்துக்கொள்கிறது. கிட்டத்தட்ட ஆறு நிமிடப் பாட்டு. நடுவே ஆபரா பாணியில் குரல்கள் ஒன்றையொன்று துரத்தும் சிக்கலான பகுதியும் உண்டு. மேடையில் பாடகர் யாரும் இல்லாமலேயே கூட்டம் அதையும் பாடிக் கடக்கிறது. யூடியூபில் அந்தக் காணொளி இருக்கிறது. கட்டாயம் ஒருமுறை கேளுங்கள்.

அந்த 65,000 பேரில் முறையாகப் பாடக் கற்றவர்கள் வெகு சிலராகத்தான் இருக்க முடியும். யாரேனும் ஒருவரைத் தனியே அழைத்துப் பாடச் சொன்னால் சுருதி இங்கும் அங்கும் விலகும். இப்படிப்பட்ட குரல்களையெல்லாம் ஒன்றாகக் கொட்டினால் கர்ணகடூரமாகத்தானே இருக்க வேண்டும்? ஆனால் கேட்பவருக்குப் புல்லரிக்கிறது. எப்படி என்பதற்கு ஒலியியலும் உளவியலும் சேர்ந்துதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் சுருதி. பாட்டில் ஒரு ஸ்வரம் விநாடிக்கு 440 அதிர்வுகளில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 432-இல் பாடுகிறார், பக்கத்தில் இருப்பவர் 449-இல், பின்னால் நிற்பவர் 437-இல். இப்படி ஆயிரக்கணக்கானோர் சிலர் கீழே, சிலர் மேலே. நம் காது இந்தக் குரல்களைத் தனித்தனியாகப் பிரித்து எடுத்து இவர் சரி, அவர் தப்பு என்று கணக்குப் பார்ப்பதில்லை. நெருக்கமாகச் சிதறிக் கிடக்கும் அதிர்வெண்களை ஒரே தடித்த ஒலியாக எடுத்துக்கொண்டு, அவற்றின் நடுப்புள்ளி எங்கே இருக்கிறதோ அதையே சுருதியாக உணர்கிறது. பிழைகள் இருபுறமும் விழுவதால் நடுப்புள்ளி சரியான ஸ்வரத்துக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. பாடுவோரின் எண்ணிக்கை கூடக் கூட அந்த நடுப்புள்ளி அசையாமல் நிலைக்கிறது.

தேர்ந்த தேவாலயப் பாடகர் குழுக்களில்கூட எல்லோரும் துல்லியமாக ஒரே அதிர்வெண்ணில் பாடுவதில்லை. அந்தச் சிறு சிதறல்தான் ஒரு குரலைப் 'பல குரல்' என்று நமக்குக் காட்டுகிறது. ராக் கிட்டார் கலைஞர்கள் காலடியில் வைத்திருக்கும் கோரஸ் பெடல் செய்வதும் இதைத்தான்: ஒரே கிட்டார் ஒலியைப் பிரதியெடுத்து, சுருதியைக் கொஞ்சம் ஆட்டி, மூலத்தோடு கலந்துவிடுகிறது. ஒலி உடனே செழிப்பாகிவிடும். கூட்டம் இந்தச் செழிப்பைச் செலவில்லாமல் தருகிறது.

எல்லாப் பிழையும் இப்படிக் கரைந்துவிடும் என்றில்லை. எல்லோரும் ஒரே திசையில் செய்யும் பிழை அப்படியே நிற்கும். பல்லவியின் உச்ச ஸ்வரம் எட்டாமல் எல்லோருமே கொஞ்சம் தாழ்த்திப் பாடினால், கூட்டத்தின் நடுப்புள்ளியும் தாழ்ந்துதான் போகும். ஆனால் எட்டாத இடம் வந்ததும் பலர் தம்மை அறியாமலேயே ஒரு ஸ்தாயி இறங்கிக்கொள்கிறார்கள். ஆண் குரலும் பெண் குரலும் இயல்பாகவே ஏறத்தாழ ஒரு ஸ்தாயி தள்ளித்தான் இருக்கின்றன. ஸ்தாயி மாறினாலும் அதே ஸ்வரம் என்றுதான் காது எடுத்துக்கொள்கிறது என்பதால் இதில் கெடுதல் ஏதுமில்லை.

சராசரி மனிதருக்குப் பாட வராது என்ற நம்பிக்கையையும் நாம் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். 1994-இல் டேனியல் லெவிட்டின் என்ற ஆய்வாளர், மாணவர்களிடம் அவர்களுக்குப் பிடித்த பிரபலமான பாட்டை எந்தத் துணையும் இல்லாமல் நினைவிலிருந்து பாடச் சொன்னார். கணிசமானோர் இசைத்தட்டில் இருந்த அதே சுருதியிலோ, அதற்கு மிக அருகிலோ தொடங்கினார்கள். வேகத்தையும் பெரும்பாலோர் ஏறத்தாழ அப்படியே பிடித்தார்கள். 2007-இல் வெளியான மான்ட்ரியல் ஆய்வு ஒன்றில், வழியில் போகிறவர்களை நிறுத்தி எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டைப் பாட வைத்துப் பதிவு செய்தார்கள். பெரும்பாலோர் நன்றாகவே பாடினார்கள். அவசரமாகப் பாடியவர்களை நிதானமாகப் பாடச் சொன்னபோது அவர்களுடைய பிழைகளும் குறைந்தன. ஸ்டேடியத்தை நிறைக்கும் பாட்டுகளில் பல ஏன் மெதுவாக, நீண்ட உயிரெழுத்துகளோடு நகர்கின்றன என்பதற்கு இதில் ஒரு விடை இருக்கிறது.

அடுத்து தாளம். கூட்டம் திணறும் இடம் இது.

ஒலி ஒரு விநாடியில் ஏறத்தாழ 340 மீட்டர் போகும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு டிரம்ஸ் அடி 0.3 விநாடி தாமதமாக வந்து சேரும். நிமிடத்துக்கு 120 அடிகள் கொண்ட பாட்டில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி அரை விநாடி. அப்படியானால் பின்வரிசைக்காரர் அரை அடிக்கும் மேலாகப் பின்தங்கியிருக்கிறார். அவர் கைதட்டும் ஓசை மேடைக்குத் திரும்பி வர மேலும் 0.3 விநாடி. பாடகரின் காதில் அது விழும்போது அடுத்த அடியே கடந்துபோயிருக்கும். சுருதிப் பிழை மேலும் கீழுமாக விழுந்து ஒன்றையொன்று அழித்துக்கொண்டது. தூரத்தால் வரும் காலப்பிழை அப்படி அழியாது. அது எப்போதும் தாமதமாகவே வரும், ஒருபோதும் முந்தி வராது. ஆகவே எத்தனை ஆயிரம் பேரைச் சேர்த்தாலும் சராசரி சரியான இடத்துக்கு வராது. உயரத்திலிருந்து பார்த்தால், உயர்த்திய கைகள் முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு அலையாக நகர்வதைக் காணலாம். ஒவ்வொருவரும் தமக்குக் கேட்ட தாளத்துக்குச் சரியாகத்தான் தட்டுகிறார்கள். தாளம் வந்து சேரும் நேரம்தான் வேறு.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சேஃப் குழுவினர் இதை நுணுக்கமாக அளந்திருக்கிறார்கள். இரண்டு பேரைத் தனித்தனி அறைகளில் உட்கார வைத்து, ஒருவர் தட்டுவது மற்றவருக்கு ஹெட்ஃபோன் வழியாகக் கேட்கும்படி செய்து, இருவரையும் சேர்ந்து கைதட்டச் சொன்னார்கள். ஒலிக்கு நடுவில் செயற்கையாகத் தாமதம் புகுத்தப்பட்டது. தாமதம் 10 மில்லி விநாடிக்கும் குறைவாக இருந்தபோது இருவரும் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். 10 முதல் 20 வரை காலப்பிரமாணம் நிலைத்தது. 20-ஐத் தாண்டியதும் வேகம் இழுத்தது. 60-க்கு மேல் தாளமே தடுமாறியது. 20 மில்லி விநாடி என்பது ஒலிக்கு வெறும் 7 மீட்டர் தூரம். குழு வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கூட்டத்தை மட்டும் பாடவிட்டால் பாட்டு மெல்ல மெல்ல இழுபடுவது இதனால்தான். ஒவ்வொருவரும் அக்கம்பக்கத்தாருக்காகக் கண நேரம் காத்திருக்கிறார்கள். அந்தக் கணங்கள் சேர்ந்துகொண்டே போகின்றன.

ஒலிப்பொறியாளர்கள் இதற்கு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். பெரிய மைதானங்களில் நடுவே கோபுரம் நிறுத்தி அதிலும் ஸ்பீக்கர் கட்டுவார்கள். டிலே டவர் என்று பெயர். அந்த ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியை வேண்டுமென்றே தாமதப்படுத்துகிறார்கள், மேடையிலிருந்து காற்றுவழி வரும் ஒலி அங்கே வந்துசேரும் நேரத்தோடு அது பொருந்துவதற்காக. பாடகர்கள் காதுக்குள் பொருத்திக்கொள்ளும் இன்-இயர் மானிட்டர் வேறொரு உதவி செய்கிறது: பின்தங்கி வரும் கூட்டத்தின் தாளத்தை அடக்கி, குழுவின் தாளத்தை நேரடியாகக் காதில் தருகிறது. பாடும் நடுவே சிலர் ஒரு காதிலிருந்து மட்டும் அதைக் கழற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். கூட்டத்தின் குரலைக் கேட்கும் ஆசை யாருக்குத்தான் இருக்காது?

எனக்கு மிகவும் பிடித்த வைத்தியத்தைச் செய்தவர்கள் பாட்டு எழுதுகிறவர்கள். 1977-இல் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்டில் பிங்லி ஹால் என்ற அரங்கில் குயீன் வாசித்து முடித்தது. குழு மேடையை விட்டு இறங்கிய பிறகும் கூட்டம் கலையாமல், கால்பந்து ரசிகர்களின் கீதமாகிவிட்ட 'யூ'ல் நெவர் வாக் அலோன்' பாட்டைத் தானாகவே பாடியது. கிட்டார் கலைஞர் பிரையன் மே அதில் நெகிழ்ந்துபோனார். நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தால் என்னதான் செய்ய முடியும் என்று யோசித்தார்: காலை உதைக்கலாம், கைதட்டலாம், பாடலாம். 'வி வில் ராக் யூ' அந்த யோசனையில் பிறந்தது. உதை, உதை, தட்டு, பிறகு ஒரு வெற்றிடம். வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 81 அடிகள்தான். அடிகளுக்கு இடையில் முக்கால் விநாடி இருப்பதால் தூரத்தின் தாமதத்தை அந்தத் தாளம் தாங்கிக்கொள்கிறது. வெற்றிடத்தில் எல்லோரும் கால் தவறினாலும் மறுபடி சேர்ந்துகொள்ளலாம்.

பிரையன் மே இயற்பியல் படித்தவர். பிற்பாடு 2007-இல் வானியற்பியலில் முனைவர் பட்டமும் பெற்றார். ஒலிப்பதிவின்போது சில பேர் பலகைமேல் உதைத்த ஓசையைப் பல பிரதிகளாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு அளவு தாமதம் கொடுத்தார்கள். அந்தத் தாமதங்களைப் பகா எண்களின் விகிதத்தில் அமைத்ததாக அவரே விளக்கியிருக்கிறார். சீரான இடைவெளி இருந்தால் காது அதை எதிரொலி என்று கண்டுபிடித்துவிடும். பகா எண் இடைவெளியில் எதுவும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாததால் வெவ்வேறு தூரத்தில் நிற்கும் பெருங்கூட்டமாகத் தோன்றும். கூட்டத்தின் குறையான அந்தத் தாமதத்தை எடுத்து அதன் கையொப்பமாகவே பதிவு செய்துவிட்டார்கள்.

1985 ஜூலை 13, வெம்ப்ளி மைதானத்தில் நடந்த லைவ் எய்ட் நிதிதிரட்டும் நிகழ்ச்சியில் குயீன் குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்க்குரி செய்தது இன்னொரு வழி. ஏறத்தாழ 72,000 பேர் முன்னால். வாத்தியங்கள் ஓய்ந்தன. 'ஏய்-ஓ' என்று அவர் ஒரு சிறு பிடியைப் பாடி நிறுத்த, கூட்டம் அதைத் திருப்பிப் பாடியது. அடுத்தது கொஞ்சம் நீளம், அதற்கடுத்தது இன்னும் சிக்கல். இந்த முறையில் கூட்டம் எதனோடும் ஒரே கணத்தில் பொருந்த வேண்டிய தேவையே இல்லை. பதில் வந்து சேரும்வரை பாடகர் காத்திருக்கிறார், அவ்வளவுதான். ஒலியின் வேகம் வைத்த பொறி இங்கே செயலற்றுப் போகிறது. நம் பஜனை மடங்களில் முன்னால் பாடுகிறவர் ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் வாங்கிப் பாடுவதும் இதே அமைப்புதான்.

கூட்டத்துக்கு எந்த மெட்டு சுலபமாகப் பிடிபடும்? 2009-இல் நியூயார்க்கின் உலக அறிவியல் விழாவில் பாடகர் பாபி மெக்ஃபெரின் மேடையில் ஓரிடத்தில் குதித்து ஒரு ஸ்வரத்தைக் கற்றுக்கொடுத்தார், சற்றுத் தள்ளிக் குதித்து இன்னொன்றை. மூன்றாவது இடத்துக்கு அவர் குதித்தபோது, சொல்லித் தராத ஸ்வரத்தைக் கூட்டம் தானாகவே சரியாகப் பாடியது. அது ஐந்து ஸ்வர அளவுகோல், நம் மோகனத்தின் அதே வகை. வார்த்தைகூட அவசியமில்லை. ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் குழுவின் 'செவன் நேஷன் ஆர்மி' பாட்டின் தொடக்கத்தில் வரும் ஏழு ஸ்வர கிட்டார் துணுக்கை 2003-இல் பெல்ஜியத்தின் கிளப் பிரூக் ரசிகர்கள் மிலன் நகரில் வாயால் பாடத் தொடங்கினார்கள். இன்று ஐரோப்பாவின் கால்பந்து மைதானங்கள் முழுக்க அது ஒலிக்கிறது.

வட இங்கிலாந்தின் மதுக்கூடங்களிலும் கிளப்புகளிலும் இரவுகளைக் கழித்து, எந்தப் பாட்டுக்கு எத்தனை பேர் சேர்ந்து பாடுகிறார்கள் என்று எண்ணிய ஒரு கள ஆய்வு 2012-இல் வெளியானது. அலிசன் பாலி, டேனியல் மியூலன்சீஃபன் இருவரும் செய்தது. ஆண் பாடகர் நெஞ்சுக் குரலில் உச்சத்துக்குப் போய் முயற்சி தெரியப் பாடும் பாட்டுகளுக்கும், மெய்யெழுத்துகள் தெளிவாக விழும் பாட்டுகளுக்கும் கூட்டம் அதிகம் சேர்ந்து பாடியது. சங்கதிகள் அதிகமாகப் போட்டால் கூட்டம் ஒதுங்கிவிடுகிறது. பாடகர் சிரமப்பட்டுப் பாடும்போது நாமும் சேர்ந்து தோள்கொடுக்கத் தோன்றுகிறது போலும். இது என் ஊகம்தான்.

மெய்யெழுத்து ஏன் முக்கியம் என்பதைக் கூட்டத்தின் நடுவில் நின்றால் புரிந்துகொள்ளலாம். 'ச', 'ட', 'ப' போன்றவற்றின் கூர்மை உயர் அதிர்வெண்களில் இருக்கிறது. மனித உடலும் துணியும் அந்த அதிர்வெண்களை நன்றாக உறிஞ்சிவிடும். ஆகவே பக்கத்திலிருப்பவரின் வார்த்தை முழுதாகக் கேட்கும். 20 வரிசை தள்ளியிருப்பவர்களிடமிருந்து உயிரெழுத்துகள் மட்டும் ஒரு முழக்கமாக வந்து சேரும். தாளத்தைக் காட்டுவது மெய், சுருதியைச் சுமப்பது உயிர். தாமதமாக வரும் தூரத்துக் குரல்களில் மெய் தேய்ந்துபோயிருப்பதால் அவற்றின் தாளப்பிழை நம்மை உறுத்துவதில்லை. சுருதி மட்டும் வந்து நிறைக்கிறது.

சேர்ந்து பாடியபின் ஏற்படும் அந்த நெருக்கமும் அளக்கப்பட்டிருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டின் ராபின் டன்பார் குழுவினர் லண்டனில் ஒரு பாடகர் குழுவை ஆராய்ந்தார்கள். சிறு குழுக்களாகப் பயிற்சி செய்கிறவர்கள், ஒருநாள் 232 பேராக ஒன்றுகூடிப் பாடினார்கள். பாடி முடித்தபின் வலியைத் தாங்கும் திறன் கூடியிருந்தது. வலியைக் குறைக்க உடலே சுரக்கும் எண்டார்ஃபினுக்கு இதை அடையாளமாகக் கொள்கிறார்கள். பெரிதும் அறிமுகமில்லாதவர்கள் நிறைந்த அந்தப் பெரிய கூட்டத்தில்தான் நெருக்க உணர்வு அதிகமாக உயர்ந்தது.

கச்சேரிக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சுற்றிலும் சத்தம் கூடும்போது நாம் அறியாமலேயே குரலை உயர்த்துகிறோம். இதற்கு லம்பார்ட் விளைவு என்று பெயர். தன் குரல் தனக்கே கேட்காததால் கூச்சம் போய்விடுகிறது, தொண்டையும் சேர்ந்து போய்விடுகிறது. காதுக்கும் ஆபத்து இருக்கிறது: இசை அரங்குகளில் 15 நிமிடச் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வரையறுத்தது. இசை கேட்பதற்கென்றே விற்கும் காதடைப்பான்களைப் போட்டுக்கொள்ளுங்கள். காதை அடைத்ததும் நம் குரல் எலும்பு வழியாக உள்ளே முன்னைவிடப் பலமாகக் கேட்கும். கத்தாமலேயே உங்கள் சுருதி எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொண்டு, பல்லவி வரும்போது சரியான இடத்தில் சேர்ந்துகொள்ளலாம்.