பச்சை மர மலைப்பாம்பு: முதலில் வெறுங்கூண்டை வளர்த்துப் பாருங்கள்

சென்ற ஆண்டு கத்தரி வெயில் தொடங்கிய வாரத்தில், பாளையங்கோட்டையில் உள்ள என் கால்நடை மருத்துவமனைக்குக் கல்லூரி மாணவர் ஒருவர் ஈரத்துண்டில் சுற்றிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றுடன் வந்தார். உள்ளே சுண்டுவிரல் பருமனில், பழுத்த எலுமிச்சையின் நிறத்தில் ஒரு பாம்புக்குட்டி இருந்தது. "சார், ரெண்டு நாளா வாயத் தொறந்துக்கிட்டே கெடக்கு, எரையும் எடுக்கல" என்றார். வாயை மெல்லத் திறந்து பார்த்தபோது மேலண்ணத்திலிருந்து எச்சில் நூல்நூலாக இழுபட்டது. காதருகே வைத்துக் கேட்டபோது ஒவ்வொரு மூச்சிலும் சிறு குமிழி உடைவது போன்ற ஓசை வந்தது. தோலை இரு விரலால் பிடித்து விட்டால் மடிப்பு கலையாமல் அப்படியே நின்றது. இடக் கண்ணின் மேல் பழைய சட்டையின் செதில் உரியாமல் மங்கலாக ஒட்டிக்கொண்டிருந்தது. வாலுக்குச் சற்று மேலே முதுகெலும்பு ஓரிடத்தில் கோணியிருந்தது. அந்தக் குட்டி ஐந்தாம் நாள் இறந்தது.

அந்த மாணவர் அலட்சியக்காரர் அல்லர் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். காணொலிகளில் சொன்ன எல்லாவற்றையும் அவர் செய்திருந்தார். கண்ணாடித் தொட்டி, மேலே கம்பிவலை மூடி, அதன்மேல் சூடேற்றும் விளக்கு, தினமும் கையில் எடுத்துப் பழக்குவது என்று எதையும் விடவில்லை. அவற்றுள் விளக்கும் வலைமூடியும் குளிர்நாட்டு வீடுகளுக்காகச் சொல்லப்பட்டவை. தினமும் கையில் எடுப்பதோ இந்தப் பாம்புக்கே பொருந்தாதது. நம் ஊரில் இதை வளர்க்க நினைப்பவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் அறிய வேண்டியவற்றை எழுதிவைக்க வேண்டும் என்று அன்றுதான் எனக்குத் தோன்றியது.

பச்சை மர மலைப்பாம்பு நியூகினித் தீவிலும், அதை ஒட்டிய இந்தோனேசியத் தீவுகளிலும், ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு முனையான கேப் யார்க் தீபகற்பத்து மழைக்காட்டிலும் வாழ்வது. நஞ்சற்றது. வளர்ந்த பாம்பு பெரும்பாலும் ஐந்து முதல் ஆறடி வரை இருக்கும். பெண் பாம்பு ஆணைவிடக் கனமானது. குட்டிகள் மஞ்சளாகவோ செங்கல் நிறத்திலோ முட்டையிலிருந்து வெளிவந்து, ஏறத்தாழ ஓராண்டு வளர்ந்தபின் பச்சைக்கு மாறுகின்றன. காட்டில் மஞ்சள் குட்டிகள் வெயில் விழும் இடைவெளிகளில் பகலில் அரணை போன்ற சிறு உயிர்களைத் தேடுகின்றன. பச்சையான பின் உயரமான கிளைகளுக்கு ஏறி, இரவில் எலி இனங்களைப் பிடிக்கின்றன. கிளையின் இருபுறமும் சுருள்களைத் தொங்கவிட்டு, நடுவில் தலையை வைத்து, ஒரே இடத்தில் மணிக்கணக்கில் அசையாமல் இருப்பதுதான் இதன் இயல்பு. அது பயத்தினாலோ சோம்பலினாலோ வருவதன்று. உதட்டுச் செதில்களில் உள்ள குழிகளால் இரையின் உடற்சூட்டை உணர்ந்தபடி அது காத்திருக்கிறது.

ஆகவே, தோளில் போட்டுக்கொள்ளவும் குழந்தைகளுக்குத் தொடக் கொடுக்கவும் பாம்பு தேடுபவர்களுக்கு இது ஏற்றதன்று. அந்தக் குட்டியின் முதுகெலும்புக் கோணல், கம்பைச் சுற்றியிருந்ததை வாலுக்கருகே பிடித்து இழுத்ததால் வந்தது. குட்டிகளின் எலும்பு அவ்வளவு மென்மையானது. கம்பை விடாமல் அது இறுக்கும்போது நாம் எதிர்ப்புறம் இழுத்தால் சேதம் முதுகெலும்புக்குத்தான். கூண்டிலிருந்து எடுக்க வேண்டிய நேரத்தில் பாம்பைக் கழற்றாமல் கம்போடு சேர்த்து எடுப்பதே முறை. அதனால் கழற்றி மாட்டக்கூடிய கம்புகளையே கூண்டில் பொருத்தச் சொல்கிறேன். எடை பார்ப்பதும் அப்படித்தான்: கம்போடு நிறுத்துவிட்டு, கம்பின் எடையைக் கழித்துக்கொள்கிறோம்.

வாங்கும் பேச்சு வந்தால் நான் முதலில் கேட்பது பாம்பை அன்று, காகிதத்தை. மலைப்பாம்புக் குடும்பம் முழுவதும் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் உள்ளது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், இப்படிப்பட்ட வெளிநாட்டு உயிரினத்தை வைத்திருப்பவர் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டமாகிவிட்டது. 2024இல் வந்த விதிகளின்படி ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளம் வழியாக மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். கைமாறினாலும், குட்டி பிறந்தாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். விற்பவர் "பேப்பர் எல்லாம் அப்புறம் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்" என்றால், அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். 2023 ஜூலை இறுதியில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமான நிலையத்தில் இறங்கிய ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் பிடிபட்ட செய்தியைப் பலரும் படித்திருப்பீர்கள். பெட்டிக்குள் நீரின்றி நெருக்கிவைத்துக் கொண்டுவரப்படும் உயிர்கள் எந்த நிலையில் கடைக்கு வரும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

பண்ணையில் பிறந்தது என்ற சொல்லையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. இந்தோனேசியாவிலிருந்து ஏற்றுமதியாகும் பச்சை மலைப்பாம்புகளில் குறைந்தது 80 விழுக்காடு காட்டில் பிடித்துப் பண்ணைக் கணக்கில் சேர்க்கப்பட்டவை என்று 2011இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. காட்டில் பிடித்த பாம்பின் உடலில் ஒட்டுண்ணிகளும் குடற்புழுக்களும் இருக்கும். செத்த எலியை அது இரையாகவே மதிக்காது. புதிய கூண்டின் அதிர்ச்சியில் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். எனவே பிறந்த தேதி, இதுவரை எடுத்த இரை, உரித்த சட்டைகள் ஆகியவற்றை எழுதிவைத்திருக்கும் வளர்ப்பாளரிடம் மட்டுமே வாங்க வேண்டும். அவர் கண்முன் அது இரை எடுப்பதை ஒருமுறையாவது பார்த்துவிடுவது நல்லது. பச்சைக்கு மாறிய, ஓராண்டு கடந்த பாம்பையே நான் பரிந்துரைப்பேன். விலை கூடும் என்பது உண்மை. ஆனால் மஞ்சள் குட்டியை முதல் இரைக்குப் பழக்கும் வேலை தேர்ந்தவர்களுக்கே கடினமானது. மேலும், குட்டிகளுக்கே குடல் பிதுங்கும் ஆபத்து அதிகம்.

நம் காட்டுப் பாம்புகளைப் பற்றி ஒரு வார்த்தை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. நம் மலையடிவாரத்து மலைப்பாம்பு சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. அதை வீட்டில் வைத்திருந்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. களக்காடு முண்டந்துறைக் காட்டில் கிளையில் சுருண்டிருக்கும் பச்சைப் பாம்பைப் பார்த்துவிட்டு, இணையத்தில் பார்த்த மலைப்பாம்பு என்று எண்ணிக் கை நீட்டிவிடாதீர்கள். அது குழிவிரியனாக இருக்கலாம், நஞ்சுள்ளது, நம் மருத்துவமனைகளில் உள்ள பாம்புக்கடி மருந்து அதற்காகச் செய்யப்பட்டதும் அன்று.

இனி, நெல்லைச் சீமையின் வெயிலுக்கு வருகிறேன். அந்த மாணவரின் பாம்பு இறந்ததற்கு முதன்மைக் காரணம் இதுதான். என்னிடம் வருகிறவர்கள் மிகக் குறைவாக யோசித்திருப்பதும் இதைத்தான். இந்தப் பாம்புக்குப் பகலில் 28 முதல் 30 டிகிரி, வெதுவெதுப்பான ஒரு மூலையில் 31 வரை, இரவில் 24 முதல் 26 டிகிரி போதும். 33ஐத் தாண்டி நெடுநேரம் நீடித்தால் அது தவிக்கத் தொடங்கும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில், சித்திரை, வைகாசியில் இரவு பத்து மணிக்கும் கூரை அனல் கக்கிக்கொண்டிருப்பதை நம்மில் பலர் அறிவோம். அந்த அறையில் மேலும் ஒரு விளக்கைப் போட்டால் கூண்டு அடுப்பாகிவிடும். குளிர்நாட்டில் எழுதப்பட்ட அறிவுரை முழுவதும் எப்படிச் சூடேற்றுவது என்பதைப் பற்றியது. நமக்கோ ஆண்டில் பாதி நாள் எப்படித் தணிப்பது என்பதே கேள்வி.

சூட்டைவிடக் கடினமானது ஈரம். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று குற்றாலத்திலும் தென்காசியிலும் சாரலாக இறங்கிவிட்டு, கிழக்கே நம்மிடம் வரும்போது ஈரத்தைத் தொலைத்த வறண்ட காற்றாக வீசுகிறது. தென்காசியில் இருக்கும் நண்பருக்குச் சரியாக அமைந்த கூண்டு பாளையங்கோட்டையில் அமையாமல் போவதற்கு இதுவே காரணம். ஏ.சி. போட்டால் சூடு தணியும், ஆனால் அதுவும் அறையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். கம்பிவலை மூடியிட்ட கண்ணாடித் தொட்டியில் தெளித்த நீர் அரைமணி நேரம்கூட நிற்பதில்லை. மரப்பலகை அல்லது பி.வி.சி. பலகையால் மூன்று புறத்தையும் மேற்புறத்தையும் அடைத்து, முன்புறம் கண்ணாடிக் கதவும், பக்கவாட்டில் சிறு காற்றுத் துளைகளும் வைத்த கூண்டுதான் நம் ஊருக்குப் பொருந்தும். வளர்ந்த பாம்புக்கு மூன்றடி நீளமும், அகலத்திலும் உயரத்திலும் இரண்டிரண்டு அடியும் வேண்டும். கூண்டை வீட்டின் கீழ்த்தளத்தில், வெயில் படாத உள்ளறையில் வையுங்கள்.

ஈரம் வேண்டும் என்பதற்காக எந்நேரமும் கூண்டை நனைத்துவைப்பதும் தவறு. மாலையில் நன்றாகத் தெளித்து, மறுநாள் நண்பகலுக்குள் கம்புகள் காய்ந்துவிட வேண்டும். ஈரப்பதம் எண்பதுக்கு ஏறி, ஐம்பதுக்கு இறங்கி, மீண்டும் ஏற வேண்டும். இரவும் பகலும் நனைந்தே கிடந்தால் தோலில் கொப்புளமும் நுரையீரலில் தொற்றும் வரும்; முழுதும் வறண்டால் சட்டை துண்டு துண்டாக ஒட்டிக்கொள்ளும். சுருள்களின் மேல் நின்ற துளிகளை இந்தப் பாம்பு தலையைச் சாய்த்து உறிஞ்சிக் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். பல பாம்புகள் கிண்ணத்தைவிட அப்படிக் குடிப்பதையே விரும்புகின்றன. ஆழ்குழாய்க் கிணற்று உப்புநீரைத் தெளித்தால் கண்ணாடியில் வெள்ளை படியும். ஆற்றுக் குடிநீர் வருகிற வீடுகளில் அதையே பயன்படுத்துங்கள்.

இரை விஷயத்தில் நம் ஊருக்கே உரிய ஓர் ஆபத்து உண்டு. கார், பிசானம் என்ற இரு நெற்பருவத்திலும் வயல்களில் எலிக்கு மருந்து வைப்பார்கள். துத்தநாகப் பாஸ்பைடோ புரோமடியோலோனோ தின்ற எலி உடனே சாகாமல் வரப்பில் தள்ளாடும். கைக்கு எளிதாகச் சிக்குவதும் அந்த எலிதான். பாசத்தோடு வயலெலி பிடித்துக் கொடுத்து நஞ்சேற்றிவிடாதீர்கள். வளர்ப்பு எலியை உறைநிலையில் வாங்கி, உருக்கி, உடற்சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, இரவில் நீண்ட இடுக்கியால் நீட்ட வேண்டும். பாம்பின் முன்பற்கள் நீளமானவை, வெறுங்கையை நீட்டினால் ஆழமாகப் பதியும். வளர்ந்த பாம்புக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு நடுத்தர எலி போதும். அசையாமல் வாழும் உயிர் இது. வாரந்தோறும் கொடுத்தால் கொழுப்பேறிவிடும்.

மாட்டுக்கு அடி தள்ளினால் (கருப்பை வெளியே பிதுங்கினால்) என்ன செய்வோம் என்பது நம் வீடுகளில் பலருக்குத் தெரியும். குட்டிப் பாம்புக்குக் குடல் பிதுங்கினாலும் முதலுதவி ஏறத்தாழ அதுவேதான். பிதுங்கிய பகுதி காய்ந்துவிடாமல் சுத்தமான ஈரத்துணியில் வைத்து, கெட்டியான சர்க்கரைக் கரைசலால் நனைத்தால் வீக்கம் வடியும். உள்ளே தள்ள நீங்கள் முயலாமல் அன்றே மருத்துவரிடம் கொண்டுவர வேண்டும். சூடான, வறண்ட கூண்டில் முந்தைய இரை கழியும் முன்பே அடுத்த இரையைக் கொடுப்பதால்தான் பெரும்பாலும் இது வருகிறது. வாயைத் திறந்து மூச்சு விடுவது, எச்சில் வடிவது, தலையை அண்ணாந்தே வைத்திருப்பது ஆகியவற்றை ஒரு நாள்கூடப் பொறுத்துப் பார்க்காதீர்கள். இந்த இனத்தைத் தாக்கும் நிடோவைரஸ் என்ற கிருமியால் வரும் மூச்சுநோய் ஒன்று இருக்கிறது. ஆகவே புதிய பாம்பை வேறு பாம்புகளுடன் சேர்க்காமல் குறைந்தது மூன்று மாதம் தனி அறையில் வைக்க வேண்டும். சால்மொனெல்லா கிருமி மனிதருக்கும் தொற்றும் என்பதால், கூண்டைத் தொட்டபின் சோப்பால் கை கழுவ வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை அருகில் விடக் கூடாது. வளர்க்க முடியாமல் போனால் பாபநாசம் மலையிலோ மணிமுத்தாற்றுப் பக்கமோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். அந்நிய நோயை நம் காட்டுப் பாம்புகளுக்குக் கொடுத்ததாக ஆகிவிடும். வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

அந்த மாணவர் வந்துபோன சில நாள் கழித்து, வண்ணார்பேட்டையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒருவர், பதினோராம் வகுப்பு முடித்த மகளை அழைத்துவந்தார். மகளுக்குத்தான் ஆசை. "அண்ணாச்சி, கூண்டை மட்டும் இப்போ செய்ங்க. பாம்பு வேண்டாம். வெப்பமானியும் ஈரமானியும் வாங்கி, காலை ஆறு, பகல் ரெண்டு, ராத்திரி பத்துன்னு மூணு வேளையும் எழுதச் சொல்லுங்க. நோட்டைப் பார்த்துட்டு மத்ததைப் பேசுவோம்" என்றேன். வெறுங்கூண்டுக்கு முன்னால் ஒரு மாதம் உட்கார்ந்து எழுத முடியாதவரால் பதினைந்து, இருபது ஆண்டு வாழக்கூடிய உயிரைப் பேண முடியாது என்பதால் இதை எல்லோருக்கும் சொல்கிறேன். பெரும்பாலோர் திரும்பி வருவதில்லை.

அந்தப் பெண் ஆடியில் நோட்டுடன் வந்தாள். மே 9, பகல் 2 மணி: மேல் கம்பு 35.5, கீழ்க் கம்பு 34, ஈரப்பதம் 31. அதன் கீழே சிவப்பு மையில், "பாம்பு இருந்திருந்தால்?" என்று எழுதியிருந்தாள். மே மூன்றாம் வாரத்தில் கூண்டை மாடியிலிருந்து கடைக்குப் பின்னால் உள்ள சரக்கறைக்கு இறக்கியிருக்கிறார்கள். எண்கள் 31க்கும் 29க்கும் வந்திருந்தன. வலைமூடியை எடுத்துப் பலகை அடித்தபின் ஈரப்பதம் அறுபதில் நின்றது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்ததை நினைவில் வைத்து, இன்வெர்ட்டர் இல்லாமல் கூண்டு எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மாறுகிறது என்பதையும் சோதித்திருந்தாள். கடைசிப் பக்கத்தில் இருந்தது: "கரண்ட் இல்லை, 3 மணி 40 நிமிடம். 29இல் இருந்து 31.5." கார்த்திகை மழைவரை எழுதிவிட்டு மறுபடி வரச் சொல்லி அனுப்பினேன்.