ஐஆர்சி அரட்டை: எதையும் எடுத்து வைக்காத சர்வரில் ஒரு குழு

ஃபின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்காரினென் 1988 ஆகஸ்டில் எழுதிய ஐஆர்சி என்ற இணைய எழுத்து அரட்டை முறை இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. கட்டற்ற மென்பொருள் குழுக்கள் பல இன்னும் அங்கேதான் கூடுகின்றன. வாட்ஸ்அப்பில் பழகியவர்கள் இங்கே வந்ததும் திணறுவதற்குக் காரணம் ஒன்றுதான்: வழக்கமான ஐஆர்சி சர்வர் உரையாடலைச் சேமிப்பதில்லை. ஒரு வரி வந்தால், அந்த நேரத்தில் சேனலில் (அரட்டை அறையில்) இருக்கும் மற்ற ஒவ்வொருவருக்கும் அனுப்பும், அதோடு மறந்துவிடும். நீங்கள் நுழைவதற்கு முன் பேசியது உங்களுக்கு வராது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு லிபெரா சாட் என்ற ஐஆர்சி நெட்வொர்க் நல்ல இடம். ஃப்ரீநோட் என்ற பழைய நெட்வொர்க்கை விட்டு வெளியேறிய தன்னார்வலர்கள் 2021 மே மாதம் தொடங்கியது. பிரவுசரிலேயே நுழையலாம். ஹெக்ஸ்சாட், வீசாட் (WeeChat) போன்ற செயலி என்றால் 6697 போர்ட்டைக் கொடுங்கள். 6667-இல் குறியாக்கம் கிடையாது. பயனர் பெயரில் தமிழ் எழுத்து செல்லாது. பெயரை நிக்சர்வ் என்ற சேவையிடம் கடவுச்சொல்லும் மின்னஞ்சலும் கொடுத்துப் பதியுங்கள். இதைச் சேனலில் இல்லாமல், சர்வர் ஜன்னலில் தட்டச்சு செய்யுங்கள். கட்டளையைத் தொடங்கும் சாய்கோட்டுக்கு (/) முன் ஓர் இடைவெளி விழுந்தால் போதும், பல செயலிகள் அதைச் சாதாரணப் பேச்சாக எடுத்துக்கொண்டு கடவுச்சொல்லைச் சேனல் முழுவதற்கும் காட்டிவிடும்.

சேனல் திறக்கத் தனிப் படிவம் இல்லை. இல்லாத ஒரு பெயரில் நுழைந்தால் சேனல் உருவாகும், நீங்களே நிர்வாகி. எல்லோரும் வெளியேறினால் சேனலும் போய்விடும், அடுத்து யார் முதலில் நுழைகிறாரோ அவர் நிர்வாகி! அதனால் சேனல்களைப் பதியும் சான்சர்வ் என்ற சேவையிடம் அன்றைக்கே பதிந்து, இன்னும் இருவருக்காவது நிர்வாக உரிமை கொடுங்கள். லிபெராவில் ஒற்றை '#' அமைப்புகளுக்கும் திட்டங்களுக்கும் உரியது. பொதுத் தலைப்புக் குழுக்கள் '##' போட வேண்டும்.

தமிழில் பேசும் குழு முதலில் முட்டிக்கொள்வது நீளத்தில். நெறிமுறைப்படி ஒரு செய்தி 512 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. அதில் வரி முடிவுக்கு 2 பைட் போகும். அனுப்பியவர் பெயர், முகவரி, சேனல் பெயரையும் சர்வர் அதற்குள்ளேயே சேர்க்கும். பேச்சுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் 400-க்குச் சற்று மேல். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட். தமிழில் உயிர்மெய்க் குறிக்கும் புள்ளிக்கும்கூடத் தனித்தனியே 3 பைட். 'வணக்கம்' மட்டுமே 21 பைட். நாலைந்து வரிப் பத்தி அடித்தால் கடைசி வாக்கியம் நடுவிலேயே அறுந்து, நுனியில் ஒரு கேள்விக்குறிக் கட்டம் நிற்கும். நல்ல செயலிகள் தாமே உடைத்து அனுப்பும். நாமே எழுதும் 'பாட்' (bot) எனும் தானியங்கி நிரல்கள் பல அப்படி உடைக்காது. சிறு வரிகளாகப் பேசுவதே பழக்கமாகட்டும். அதற்காக முப்பது வரியை ஒரேயடியாக ஒட்டவும் கூடாது: அளவு மீறினால் 'எக்சஸ் ஃப்ளட்' என்று சர்வர் வெளியேற்றிவிடும்.

இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சர்வர் அவ்வப்போது 'பிங்' அனுப்பும். செயலி 'பாங்' சொல்ல வேண்டும். வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினால் பழைய இணைப்பு சில நிமிடம் பிணமாகத் தொங்கும். உங்கள் பெயரை அது பிடித்திருப்பதால், பெயருக்குப் பின் அடிக்கோட்டோடு உள்ளே வருவீர்கள். நிக்சர்வின் 'ரீகெய்ன்' கட்டளை பெயரை மீட்டுத் தரும்.

இருபது பேர் ஒரே நொடியில் மறைந்தால் யாரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. சர்வர்கள் மரக்கிளை போல ஒற்றை வழியில் பிணைந்தவை. ஓர் இணைப்பு அறுந்தால் நெட்வொர்க்கே இரண்டாகும். இதுதான் நெட்ஸ்பிளிட். காத்திருந்தால் திரும்பி வருவார்கள்.

எந்நேரமும் உள்ளே இருக்க விரும்பினால், எப்போதும் ஓடும் ஒரு கணினியில் இசட்என்சி என்ற பவுன்சரை, அதாவது உங்களுக்குப் பதில் இணைப்பிலேயே இருக்கும் நிரலை, நிறுவுங்கள். நீங்கள் இல்லாதபோது பேசியதை அது பிடித்து வைக்கும். எல்லோராலும் அது முடியாது. ஆகவே வாரம் ஒரு நேரம் குறித்து, சேனலின் தலைப்பு வரியில் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தோடு சேர்த்தே எழுதுங்கள்: சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இரவு 8.30 என்றால் யூடிசி 15.00.