மூக்கை உள்ளேயிருந்து பாக்குற சர்ஜன்

பிளாஸ்டிக் சர்ஜரின்னா அழகு சம்பந்தப்பட்டது, காது மூக்கு தொண்டை டாக்டர்னா சளி, சைனஸ், டான்சில்னு நாம தனித்தனியா பிரிச்சு வச்சிருக்கோம். ஆனா முகத்துக்கு பிளாஸ்டிக் சர்ஜரி பண்றவங்கள்ல நிறைய பேர் இஎன்டி படிச்சு வந்தவங்க. இது ஏன்னு புரியணும்னா மூக்கு எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் கிட்ட போய் பாக்கணும்.

நீங்களே ஒண்ணு பண்ணிப் பாருங்க. ரெண்டு கைவிரலையும் மூக்குக்கு பக்கத்துல கன்னத்துல வச்சு, தோலை காதுப்பக்கமா லேசா இழுத்துப் புடிச்சுக்கிட்டு மூச்சை இழுங்க. காத்து ஈஸியா போற மாதிரி தெரியும். இதுக்கு 'காட்டில்' (Cottle) டெஸ்ட்னு பேரு. கிட்டத்தட்ட எல்லாருக்குமே இதுல கொஞ்சம் வித்தியாசம் தெரியும்ங்கறதால டாக்டருங்க இதை மட்டும் நம்ப மாட்டாங்க, ஒரு மெல்லிசான கம்பிய மூக்குக்குள்ள விட்டு பக்கச் சுவரை ஒவ்வொரு இடமா லேசா தாங்கிப் புடிச்சு, எந்த இடத்துல தாங்கினா மூச்சு சரியாகுதுன்னு தேடுவாங்க.

பெரும்பாலும் அவங்க தேடுற இடம் மூக்கோட உள் வால்வு. மூக்கோட நடுச்சுவரும் மேல்பக்க குருத்தெலும்பும் சேர்ற இடுக்கு அது, மூக்குப்பாதையிலயே ரொம்ப குறுகலான இடம். மேற்கத்திய மூக்கை வச்சு எழுதின பாடப்புத்தகங்கள்ல அந்தக் கோணம் 10-லேர்ந்து 15 டிகிரின்னு இருக்கும், அகலமான மூக்குல இன்னும் கொஞ்சம் விரிஞ்சிருக்கும். நாம மூச்சு இழுக்கும்போது காத்துக்கு வர்ற மொத்த தடையில கிட்டத்தட்ட பாதி மூக்குலயேதான் இருக்கு, அதுலயும் பெரும்பங்கு இந்த இடுக்குலதான். ஒரு குழாயோட ஆரம் பாதியானா அது வழியா காத்து சீரா போறதுக்கான தடை 2 மடங்கு இல்ல, 16 மடங்கு கூடும். மூக்கு நேரான குழாய் கிடையாதுங்கறதால கணக்கு அப்படியே பொருந்தாது, ஆனா அரை மில்லிமீட்டர் கூடினா குறைஞ்சா ஒருத்தரோட தூக்கமே மாறிடும்ங்கறது ஏன்னு இதுலேர்ந்து புரியும்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. குறுகலான இடத்துல காத்து வேகமா போகும், வேகமா போனா அங்க அழுத்தம் குறையும், அழுத்தம் குறைஞ்சா பக்கச் சுவர் உள்ள இழுபடும். மெல்லிசான ஸ்ட்ராவுல வேகமா உறிஞ்சினா அது ஒட்டிக்குமே, அதேதான். சுவர் பலமா இருந்தா தாங்கும், பலமில்லன்னா எவ்வளவு வேகமா மூச்சு இழுக்குறாங்களோ அவ்வளவு அடைக்கும்.

இப்ப ஒருத்தருக்கு மூக்குத்தண்டுல கூன் இருக்கு, அதை செதுக்கி நேராக்கணும்னு வர்றாங்கன்னு வச்சுப்போம். அந்தக் கூன் வெறும் எலும்பு மட்டும் இல்ல, கீழ்ப்பாதி குருத்தெலும்பு, அதுவேதான் உள் வால்வுக்கு கூரை. கூனை எடுத்துட்டு அப்படியே விட்டா போட்டோவுல மூக்கு அழகா இருக்கும், போகப்போக பக்கச் சுவர் உள்ள சரிஞ்சு மூச்சு அடைக்க ஆரம்பிக்கலாம். அதனால நடுச்சுவர்லேர்ந்து ரெண்டு பட்டை எடுத்து, ரெண்டு செமீக்கு கொஞ்சம் கூட குறைய நீளம், ஒண்ணு ரெண்டு மிமீ கனம் அவ்வளவுதான் இருக்கும், அதை நடுச்சுவருக்கும் பக்கக் குருத்தெலும்புக்கும் நடுவுல வச்சு தைப்பாங்க. இதுக்கு ஸ்ப்ரெடர் கிராஃப்ட்னு பேரு. அந்த ஒரு பட்டை வெளியில தண்டோட கோட்டையும் நேராக்குது, உள்ள வழியையும் திறந்து வைக்குது. அழகு வேற மூச்சு வேறன்னு பிரிக்கவே முடியாதுன்னு நான் நினைக்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

நடுச்சுவர்லேர்ந்தும் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது. மேல்பக்கமும் முன்பக்கமும் குறைஞ்சது ஒரு செமீ அகலத்துக்கு 'ட' மாதிரி மூலையோட ஒரு சட்டத்தை தொடாம விட்டே ஆகணும், இல்லன்னா மூக்கு நடுவுல குழிஞ்சிடும். குருத்தெலும்புக்கு சொந்தமா ரத்தக்குழாய் கிடையாது, மேல போர்த்தியிருக்கிற சவ்வுலேர்ந்துதான் அதுக்கு சாப்பாடு. மூக்குல அடிபட்டு சவ்வுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவுல ரத்தம் கட்டிக்கிச்சுன்னா சில நாள்லயே குருத்தெலும்பு செத்துப்போகும். குழந்தைங்க விழுந்து மூக்குல அடிபட்டு, ரெண்டு பக்கமும் அடைச்சிருந்தா அன்னிக்கே காட்டிடுங்க, தயவுசெஞ்சு நாளைக்குப் பாக்கலாம்னு விடாதீங்க.

இந்தப் பாதை புதுசும் இல்ல. 1887-ல அமெரிக்காவுல ராச்செஸ்டர் ஊர்ல ஜான் ஆர்லண்டோ ரோ-ங்கற மூக்கு தொண்டை டாக்டர், வெளியில வெட்டு தெரியாம மூக்குத்துவாரம் வழியாவே மூக்கோட வடிவத்தை மாத்தினதை எழுதினார். முதல் உலகப் போர்ல முகம் சிதைஞ்சு வந்த ஆயிரக்கணக்கான சிப்பாய்ங்களுக்கு முகத்தை திருப்பிக் கட்டின ஹாரல்ட் கில்லீஸும் இஎன்டி படிச்சவர்தான். இன்னிக்கு அமெரிக்காவுல இஎன்டி வழியா இந்த வேலைக்கு வர மருத்துவப் படிப்பு 4 வருஷம், இஎன்டி பயிற்சி 5 வருஷம், அதுக்கு மேல முக பிளாஸ்டிக் சர்ஜரிக்கு தனியா 1 வருஷம். மத்த நாடுகள்ல வருஷக்கணக்கு மாறும், ஆனா இந்த வழியில வர்றவங்களுக்கு மொதல்ல இஎன்டி, அப்புறம் முகம்ங்கறதுதான் வரிசை.

மூக்கை விட என்னை அசரவச்சது முக நரம்புதான். ஏழாவது மண்டை நரம்பு, காதுக்குப் பின்னாடி இருக்கிற எலும்புக்குள்ள வளைஞ்சு வந்து, கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குள்ள புகுந்து, அங்க அஞ்சு முக்கியக் கிளையா பிரிஞ்சு, நெத்தியிலேர்ந்து கழுத்து வரைக்கும் போகுது. காது ஆபரேஷன்லயும் சுரப்பிக் கட்டி ஆபரேஷன்லயும் அந்த நரம்பை தேடிக் கண்டுபுடிச்சு காயம் படாம ஒதுக்கறதுதான் இஎன்டி டாக்டரோட தினசரி கவலை. அப்படி பழகின கை, நரம்பு செத்து ஒரு பக்க முகம் தொங்கினவங்களுக்கும் வேலை செய்யப் போகுது. கடிக்கிற தசைக்குப் போற நரம்போட ஒரு கிளைய வெட்டி, சிரிப்புத் தசைக்குப் போற கிளையோட இணைச்சுத் தைப்பாங்க. நரம்பு நாளைக்கு சுமார் ஒரு மிமீதான் வளரும், அதனால பல மாசம் ஒண்ணுமே தெரியாது. அப்புறம் ஒருநாள் பல்லை கடிச்சா வாய் ஓரம் மேல ஏறும். கண்ணாடி முன்னாடி கடிச்சுக் கடிச்சு பயிற்சி பண்ணணும், சிலருக்கு போகப்போக கடிக்காமயே சிரிப்பு வரும்.

ஆனா இதெல்லாம் சிரிப்புத் தசை உயிரோட இருந்தாத்தான். நரம்புத் தொடர்பு இல்லாம ரெண்டு வருஷம் போச்சுன்னா அந்தத் தசை பெரும்பாலும் திரும்பி வேலைக்கு ஆகாது, அப்ப தொடையிலேர்ந்து ஒரு மெல்லிய தசைய அதோட ரத்தக்குழாயும் நரம்பும் சேத்து எடுத்து கன்னத்துல நட்டு, மைக்ராஸ்கோப்ல பாத்து ஒவ்வொண்ணா இணைக்கணும், அது பல மணி நேர ஆபரேஷன். முகம் திடீர்னு ஒரு பக்கமா கோணிச்சுன்னா மொதல்ல அது பக்கவாதமான்னு உடனே பாக்கணும். பக்கவாதம் இல்ல, தானா சரியாகும்னு சொன்னாலும் மூணு நாலு மாசத்துல அசைவே வரலன்னா இந்த மாதிரி ஒரு சர்ஜனைப் போய் பாக்குறது நல்லது, அதுக்கு மேல தள்ளிப்போட்டா செய்யக்கூடிய வழி ஒவ்வொண்ணா குறைஞ்சுகிட்டே வரும்.