ஹல்க் வருவதற்கு முன்னால் பேனருக்கு என்ன ஆகிறது?

ஆலோசனைக்கு வரும் பதின்வயதினரிடம் "என்ன கஷ்டம்?" என்று கேட்டால் பெரும்பாலும் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். "உனக்குப் பிடிச்ச சூப்பர் ஹீரோ யாரு, அவருக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டால் பேச ஆரம்பித்துவிடுவார்கள். தன் வாயால் சொல்லக் கூசுவதை இன்னொருவர் கதையாகச் சொல்ல முடிகிறது. புராணங்களும் காலங்காலமாக இதற்குத்தான் இடம் கொடுத்து வந்தன.

கோபம் வந்தால் பச்சை நிற ராட்சதனாக மாறும் புரூஸ் பேனரின் கதையான ஹல்க்கையே எடுத்துக்கொள்வோம். 1962-இல் அறிமுகமானபோது காமா கதிர்வீச்சால் உருமாறும் விஞ்ஞானி, அவ்வளவுதான். 1985-இல் வந்த ஒரு காமிக்ஸ் இதழில்தான் புரூஸ் பேனர் சிறுவயதில் அப்பாவின் வன்முறைக்கு ஆளானவர் என்று தெரிகிறது. அடித்தவரிடம் காட்ட முடியாமல் அடக்கிவைத்த கோபம் அது. 'கோபக்காரப் பிள்ளை' என்று அழைத்து வரப்படுபவர்களிடம் நானும் முதலில் கோபத்துக்குப் பின்னால் இருக்கும் பயத்தைத்தான் தேடுவேன். "ஹல்க் வர்றதுக்கு முன்னாடி பேனர் உடம்புல என்ன நடக்கும்?" என்று கேட்டால், தாடை இறுகும், காது சூடாகும் என்று தங்கள் அறிகுறிகளையே சொல்வார்கள். அதை முன்கூட்டியே கவனிக்கப் பழகினால், அந்த இடத்தைவிட்டு விலக அவகாசம் கிடைக்கும். இப்படிச் சிக்கலை ஆளிடமிருந்து பிரித்துப் பார்ப்பது, மைக்கேல் ஒயிட்டும் டேவிட் எப்ஸ்டனும் உருவாக்கிய கதைவழி சிகிச்சையில் முக்கியமான முறை.

2013-இல் வந்த 'அயர்ன் மேன் 3' படத்தில் அயர்ன் மேனான டோனி ஸ்டார்க்குக்கு பேனிக் அட்டாக் (திடீரென்று வரும் பெரும்பயத் தாக்குதல்) வருகிறது. இதயத்தைச் சோதிக்கச் சொல்கிறார், விஷமா என்று கேட்கிறார். நிஜத்திலும் பலர் மாரடைப்பு என்றே பயந்துபோகிறார்கள். பேனிக் அட்டாக் பொதுவாகச் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், பிறகு தணியும். ஆனாலும் முதல்முறை நெஞ்சுவலி வந்தால் உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. பெற்றோரை இழந்ததால்தான் பேட்மேன் உருவானார், அதனால் என் வலியும் என்னை வலுவாக்கும், யார் உதவியும் வேண்டாம் என்று சிலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். வலி தானாக யாரையும் வலுவாக்காது. அந்தச் சிறுவனை வளர்க்க வீட்டுப் பணியாளர் ஆல்ஃபிரட் இருந்தார்.

பெற்றோரே, பிள்ளை ஹீரோவைப் பற்றிப் பேசும்போது குறுக்கே அறிவுரை சொல்லாதீர்கள், கேளுங்கள். அந்தப் பேச்சில் சாக வேண்டும், தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் தெரிந்தால் கதை என்று விட்டுவிடாதீர்கள். தனியே விடாமல் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.