தொடைத் திசுவில் மார்பக மறுசீரமைப்பு: காப்பீட்டில் மறுத்தால் என்ன செய்வது?

புற்றுநோய்க்காக மார்பகத்தை எடுத்தவர் அதைத் திரும்ப அமைத்துக்கொள்ள மருத்துவக் காப்பீட்டை நாடினால், பல நேரம் கிடைக்கும் பதில்: "இது அழகு சிகிச்சை, பாலிசியில் வராது." தவறான பதில். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த எட்டாம் எண் பொது விலக்கு (பாலிசியில் வராதவற்றின் பட்டியலில் எட்டாவது) அழகு, பிளாஸ்டிக் சர்ஜரிகளை ஒதுக்கினாலும், விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய மறுசீரமைப்பை ஒதுக்கவில்லை. மருத்துவத் தேவை என்று சிகிச்சை தரும் மருத்துவரின் சான்று வேண்டும், அவ்வளவுதான்.

சிக்கல், மருத்துவமனை காப்பீட்டுக் கம்பெனிக்கு அனுப்பும் செலவு எஸ்டிமேட்டில் தொடங்குகிறது. வயிற்றில் போதிய கொழுப்பு இல்லாதபோதோ, அங்கே ஏற்கெனவே அறுவை நடந்திருந்தாலோ, தொடையின் மேல்பகுதியிலிருந்து தோலும் கொழுப்பும், சில முறைகளில் கிராசிலிஸ் என்ற உள்தொடைத் தசையும் எடுத்து மார்பகம் அமைப்பார்கள். தழும்பு தொடையிடுக்கில் விழும். யாராவது "தொடைச் சீரமைப்பு" என்று எழுதிவிட்டால் அது அழகு சிகிச்சையாகத் தெரியும், கோப்பு அங்கேயே செத்தது. "புற்றுநோய்க்காக மார்பகம் அகற்றியபின், தொடைத் திசுவால் மார்பக மறுசீரமைப்பு" என்றே எழுத வேண்டும். வயிற்றுத் திசு ஏன் உதவாது என்பதும் ஒரு வரி. பயாப்ஸி அறிக்கையும் முதல் அறுவையின் டிஸ்சார்ஜ் சம்மரியும் கூடவே போகட்டும். மருத்துவமனை மாறுகிறவர்கள் இவற்றை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். பிறகு அலைய வைப்பார்கள்.

அறை வாடகையைக் கவனியுங்கள். பாலிசியின் நாள் வாடகை உச்சவரம்பு 5,000 ரூபாய் இருக்க 10,000 ரூபாய் அறையில் தங்கினால், விகிதக் கழிவு (வாடகை மீறிய அதே விகிதத்தில் மற்ற செலவையும் குறைப்பது) உள்ள பாலிசியில் சர்ஜன் கட்டணத்திலும் பாதிதான் கிடைக்கும். எடுத்த திசுவின் சிறு ரத்தநாளங்களை மார்பில் இணைக்கும், பல மணி நேரம் நடக்கும் நுண்ரத்தநாள அறுவையில் அது பெரிய தொகை. இணைத்த ரத்தநாளம் அடைத்தால் உடனே மறுபடி திறக்க வேண்டிவரும். கூடுதல் தொகைக்கான விண்ணப்பத்தை அன்றே அனுப்பச் சொல்லுங்கள். மறுபக்க மார்பைச் சமன்செய்வதும் முலைக்காம்பு அமைப்பதும் சேருமா என்று முன்பே எழுத்தில் கேளுங்கள்.

மருத்துவமனையின் காப்பீட்டு டெஸ்க் டிபிஏவை (கம்பெனிக்காகக் கிளெய்ம்களைக் கையாளும் இடைநிலை நிறுவனம்) காட்டும், டிபிஏ கம்பெனியைக் காட்டும். தொலைபேசிப் பதிலை ஏற்காதீர்கள். எந்த விதிப்படி மறுப்பு என்று எழுத்தில் கேளுங்கள். கேஷ்லெஸ் (கம்பெனி நேரடியாக மருத்துவமனைக்குப் பணம் கட்டுவது) மறுத்தால் கிளெய்மே போய்விட்டது என்று அர்த்தமில்லை. கட்டிய பணத்தைத் திரும்பக் கோரலாம். அசல் பில்கள் பத்திரம்.

அதன்பின் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்குப் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது மறுப்பு என்றால் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் நடுவரான காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்கலாம். மறுப்பு வந்த ஓராண்டுக்குள் போய்விட வேண்டும். அவசரப்பட்டு நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போட்டுவிட்டால், அதே விஷயத்தை ஆம்புட்ஸ்மேன் எடுக்கமாட்டார்.