மீன் தொட்டிக்கு மேல் கீரைப் பாத்தி

சம்பாவுக்கு மேலுரமாக இடும் யூரியாவில் வேப்பெண்ணெய் பூசப்பட்டிருக்கும். 2015 முதல் நம் நாட்டு யூரியா முழுக்க இப்படித்தான் வருகிறது. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் மண் பாக்டீரியாவை மந்தப்படுத்தவே இந்தப் பூச்சு. தண்ணீர் நிற்கும் வயலில் நைட்ரேட் தங்காது; கசிந்தோ வாயுவாகவோ போய்விடும். கொல்லையில் அக்வாபோனிக்ஸ் தொட்டி (மீன் தொட்டி நீரைப் பாத்தியில் ஏற்றிக் கீரை வளர்த்து, வடியும் நீரை மீனுக்கே திருப்பும் முறை) வைப்பவருக்கோ அதே பாக்டீரியாதான் வேலையாள்; மீன் கழிவின் அம்மோனியாவைச் செடிக்கு உணவாக்குவது அதுதான். அது குடியேறுவதற்கு முன் மீனை விட்டுவிடுவதால்தான் பல தொட்டிகள் முதல் மாதத்திலேயே கெட்டுப்போகின்றன.

1,000 லிட்டர் தொட்டி, 32 சதவீதப் புரதமுள்ள தீவனம் நாளுக்கு 100 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து ஏறக்குறைய 3 கிராம் அம்மோனியா நைட்ரஜன் வரும். லிட்டருக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராம். 30 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் அதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே மீனைக் கொல்லும் வடிவில் இருக்கும். பி.எச். 8 என்றால் ஏழு பங்கைத் தாண்டிவிடும். போர் தண்ணீரை ஊற்றுமுன் பி.எச். பார்க்கச் சொல்வது இதனால்தான். கடலோர ஊர்களில் உப்பையும் பார்க்க வேண்டும். பிடித்து வைத்த மழைநீரைப் பாதிக்குப் பாதி கலந்தால் இரண்டும் இறங்கும். வாய்க்கால் தண்ணீர் வேண்டாம். வயலில் அடித்த பூச்சிமருந்து அதில் வரும்.

100 கிராம் தீவனத்துக்கு 2 சதுர மீட்டர் கீரைப் பாத்தி ஈடுகொடுக்கும். ஒரு சதுர மீட்டர் பாத்தி இரண்டு, 30 செ.மீ. ஆழம். ஜல்லி மட்டுமே 600 லிட்டர் பிடிக்கும்; தண்ணீரோடு ஒரு டன்னைத் தாண்டும். ஆகவே தரையில், ஹாலோ பிளாக் அடுக்கி அதன்மேல் வையுங்கள். பொறியாளரைக் கேட்காமல் மொட்டை மாடிக்குக் கொண்டுபோக வேண்டாம். 12 முதல் 20 மி.மீ. கருங்கல் ஜல்லி நல்லது. எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்புக்கல்; அது பி.எச்.சை ஏற்றிக்கொண்டே இருக்கும்.

மோட்டார் ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு மணிக்கு 1,000 லிட்டர் ஏற்ற வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் அளவு உயரமே இல்லாதபோது கிடைப்பது என்பதால் ஒரு படி பெரியதாக வாங்குங்கள்.

பாத்தி நிரம்பி வடிய பெல் சைபன் வேண்டும். 25 செ.மீ. உயரத்தில் ஓர் அங்குலக் குழாய். அதைக் கவிழ்த்து மூடும், மேலே அடைத்த மூன்று அங்குலக் குழாய். அடியில் காற்று புகக் காடிகள் (வெட்டுகள்). வேர் நுழையாமல் வெளியே துளையிட்ட நான்கு அங்குல உறை. நீர் உள்குழாயின் வாயைத் தாண்டி விழும்போது காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். பிறகு பாத்தி முழுவதும் உறிஞ்சப்பட்டு, காடி வெளியே தெரிந்ததும் காற்று புகுந்து நிற்கும். வரத்து குறைந்தால் நீர் வாயோரம் சொட்டுமே தவிர சைபன் பிடிக்காது. கூடினால் நிற்கவே நிற்காது. வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகித்தான் சரியான இடத்தைப் பிடிக்க முடியும். கீழே வடிகுழாய் நுனியில் ஒரு எல்போ மாட்டினால் சீக்கிரம் பிடிக்கும்.

இனி பாக்டீரியா. சுத்தமான நவச்சாரம் (அம்மோனியம் குளோரைடு) 12 கிராம் கரைத்தால் 1,000 லிட்டரில் அம்மோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 3 மில்லிகிராம் அளவுக்கு ஏறும். யூரியா போடாதீர்கள், காரணம் மேலே சொன்ன வேப்பெண்ணெய்ப் பூச்சுதான். முதலில் அம்மோனியா இறங்கி நைட்ரைட் ஏறும், பிறகு நைட்ரைட் இறங்கி நைட்ரேட் ஏறும். நம் வெயிலில் மூன்று முதல் ஐந்து வாரம் ஆகும். நவச்சாரம் போட்ட 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமானால் மீன் விடலாம். ஏற்கெனவே ஓடும் தொட்டியிலிருந்து இரண்டு கை ஜல்லி கிடைத்தால் நாள் குறையும்.

மீனுக்கு எங்கள் தேர்வு பனையேறிக் கெண்டை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபின் டெல்டாவில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படிப்பட்ட ஊரில், நீரில் ஆக்ஸிஜன் குறைந்தாலும் மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன்தான் நிம்மதி. நூறு கிராம் எட்டும்போது 80 மீன் போதும். மழை நாளில் ஏறி வெளியே போய்விடும், வலை கட்டாயம். ஜிலேபிக் கெண்டை (திலாப்பியா) வளர்க்க அனுமதி வாங்க வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தி தடைசெய்யப்பட்டது.

மின்சாரம் போனால் தீவனத்தை நிறுத்துங்கள். 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று கைவசம் இருக்கட்டும். ஜல்லியிலுள்ள பாக்டீரியாவுக்கும் ஆக்ஸிஜன் வேண்டும்.

நாள் போகப் போக பி.எச். தானாகவே இறங்கும், ஏனெனில் பாக்டீரியாவின் வேலை அமிலத்தை உண்டாக்குகிறது. 6.5-க்குக் கீழே போனால் பாக்டீரியாவே சோர்ந்துவிடும். வலைப்பையில் கிளிஞ்சல் கட்டித் தொங்கவிட்டால் கால்சியம் கிடைக்கும். இடையிடையே பொட்டாசியம் பைகார்பனேட் கொஞ்சம். சமையல் சோடாவை வழக்கமாக்கினால் சோடியம் சேர்ந்து செடி வாடும். இளந்தளிர் நரம்பு பச்சையாக இருக்க மற்றது வெளுத்தால் இரும்புச்சத்துக் குறை, டி.டி.பி.ஏ. வகை இரும்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம் இரும்பு கிடைக்கும் அளவில் இடுங்கள். முதிர்ந்த இலையின் ஓரம் கருகினால் பொட்டாசியம் போதவில்லை.

அசுவினி வந்தால் வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் அடிக்காதீர்கள். இரண்டும் தொட்டிக்குள் இறங்கினால் மீன் சாகும். தண்ணீரைப் பீய்ச்சி உதிர்த்துவிட்டு மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்கவிடுங்கள். உதிர்ந்த அசுவினியை மீனே தின்றுவிடும்.