போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை கேட்டுப் போனால் உள்ளே தள்ளுவார்களா?

"சட்டத்தை மாத்திட்டாங்க, இனிமே சியாபு எடுத்தாலும் பிடிக்க மாட்டாங்க" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள் (சியாபு என்பது மெத்தம்பெட்டமின் என்ற போதைப்பொருள்). பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப் பட்டணத்தில் இதை நம்பி ஒரு பையன் மாட்டிக்கொண்டால், கஷ்டப்படப் போவது அவன் குடும்பம்தான். அதனால் இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

மலேசியாவில் போதைப்பொருள் எடுப்பது இன்றும் குற்றம். 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை. அதற்கப்புறம் 2 முதல் 3 ஆண்டு வரை ஏ.ஏ.டி.கே. (தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனம்) கண்காணிப்பு. பழைய தண்டனைகள் இருந்து மறுபடியும் பிடிபட்டால் 39சி பிரிவு பாயலாம்: 5 முதல் 7 ஆண்டு சிறை, பிரம்படியும் உண்டு.

2024இல் நாடாளுமன்றம் திருத்தியது வேறொரு சட்டத்தை. அது 1983ஆம் ஆண்டுச் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டம். சிறையைவிடச் சிகிச்சைக்கு இடம் கொடுப்பது அதன் நோக்கம். அதை வைத்துக்கொண்டு 15ஆம் பிரிவு போய்விட்டது என்று நினைக்கக் கூடாது.

இந்த 1983 சட்டத்தில்தான் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இருக்கிறது. 8ஆம் பிரிவுப்படி, பழக்கத்தில் இருப்பவர் தானாகவே ஏ.ஏ.டி.கே. அதிகாரியிடம் போய்ச் சிகிச்சை கேட்கலாம். வயது குறைந்த பிள்ளைக்காகப் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். பிடிபட்ட பிறகு போவது வேறு, பிடிபடும் முன்னே போவது வேறு. போலீஸ் பிடித்து, பரிசோதனையில் உறுதியாகி, மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்பட்டால், மறுவாழ்வு மையத்தில் 2 ஆண்டு வரை அடைபட நேரலாம். தானாகச் சிகிச்சை கேட்டிருந்தாலும், கையில் பொருளோடு மாட்டினாலோ வேறு வழக்கு இருந்தாலோ 8ஆம் பிரிவு காப்பாற்றாது.

ஹெரோயின் பழக்கம் என்றால் அரசு கிளினிக்கிலேயே மெத்தடோன் என்ற மாற்று மருந்து கிடைக்கும். 2005இல் தொடங்கிய திட்டம் இது. ஆரம்பத்தில் தினமும் நேரில் போய், தாதியர் அல்லது மருந்தாளர் கண்முன் குடிக்க வேண்டும். நிலைமை சீரானவருக்குச் சில நாள் மருந்தை வீட்டுக்குக் கொடுப்பார்கள். தொடர்ந்து சில நாள் விட்டுவிட்டால் பழைய அளவைத் தானாகக் கேட்டுக் குடிப்பது ஆபத்து, மருத்துவர் மறுபடி பார்க்க வேண்டும். இருட்டோடு எழுந்து ரப்பர் பால் வெட்டப் போகிறவரும், பஸ் இல்லாத தோட்டத்தில் இருப்பவரும் கிளினிக் நேரத்துக்கு எப்படிப் போவது? முதல் நாளே இதைக் கிளினிக்கில் கேட்டுவிடுங்கள். மெத்தடோன் சியாபுக்கு வேலை செய்யாது. அதற்கு ஆலோசனையும் மனநலச் சிகிச்சையும்தான் வழி.

சரி, தண்டனையையே எடுத்துவிட்டால் தீர்ந்துவிடாதா? போர்த்துகல் 2001இல் அப்படிச் செய்தது. 10 நாள் சொந்தத் தேவைக்குள் போதைப்பொருள் வைத்திருப்பவரை நீதிமன்றத்துக்குப் பதில் ஒரு குழுவிடம் அனுப்பிச் சிகிச்சையை நோக்கித் திருப்பினார்கள், சிகிச்சை வசதியையும் பெருக்கினார்கள். ஊசி போடுபவர்களிடையே எச்.ஐ.வி. தொற்று வெகுவாகக் குறைந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் சிறிதளவு போதைப்பொருள் வைத்திருப்பதற்கான தண்டனையை 2021இல் 100 டாலர் அபராதமாக மாற்றியது. ஆலோசனைக்குப் போன் செய்தால் அதுவும் ரத்து. போன் செய்தவர்கள் மிகக் குறைவு, சிகிச்சைப் பணம் தாமதமாக வந்தது, ஹெரோயினைவிடக் கடுமையான ஃபென்டனிலும் அதே நேரத்தில் பரவியது. 2024இல் மறுபடி குற்றமாக்கிவிட்டார்கள். தெருவில் படுப்பவர்கள் அங்கே பெருகியதற்கு வீட்டு வாடகையும் வீட்டுப் பற்றாக்குறையும் பெரிய காரணம். அதை இந்தச் சட்டத்தின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. தண்டனையைக் குறைப்பது சரியென்றே நான் நினைக்கிறேன். ஆனால் சிகிச்சையும் தங்க இடமும் கூடவே வராவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கும்.

நம் ஊரில் வீட்டுப் பிரச்சினை வேறு விதம். தோட்டத்து வீடு வேலையோடு வருவது. அப்பாவோ அம்மாவோ ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லலாம். மகன் மறுவாழ்வு மையத்திலிருந்து திரும்பும்போது அந்த வீடே இல்லாமல் போயிருக்கலாம். பிறகு பட்டணத்துக் கடை அஞ்சடியில்தான் (கடை முன் நடைபாதையில்தான்) படுக்கை. அதனால் வெளியே வரும் நாளுக்கு முன்பே ஏ.ஏ.டி.கே. அதிகாரியிடமும் மாவட்டச் சமூகநல அலுவலகத்திலும் தங்குமிடம் பற்றிப் பேசுங்கள். கண்காணிப்பில் இருப்பவர் குறிப்பிட்ட மாவட்டத்தில்தான் இருக்க வேண்டும். வீடு போய்விட்டதே என்று அனுமதி இல்லாமல் அக்கா வீட்டுக்கு வேறு மாநிலம் போய்விட்டால், அதுவே புதிய குற்றமாகி 3 ஆண்டு வரை சிறைக்குக் கொண்டுபோகும்.